மிச்சம் பிடித்த பட்டு

முள்ளிப்பட்டில் என்னைச் சந்தேகப் பிராணி என்று நேருக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். கடன் சொல்லிச் சாமான் வாங்குகிறவர்கள் எப்படிச் சொல்வார்கள்? முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். சொல்லட்டும். மளிகைக் கடை வைத்திருக்கிற பொம்பளை எல்லாரையும் நம்பிக்கொண்டிருந்தால் கடைசியில் தராசு மட்டும்தான் மிஞ்சும். ஐநூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நான் கல்லாவில் போட்டதில்லை. என் கூடப் பிறந்த தம்பி கொடுத்தாலும் அப்படித்தான். அவனுக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு நாள், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் வந்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அட்டை ஒன்றையும் பேசுகிற டப்பா ஒன்றையும் மேஜை மேல் வைத்தார். இனிமேல் சில்லறைத் தொல்லை கிடையாது, கள்ள நோட்டுப் பயம் கிடையாது, வாங்குகிறவர் போனைக் காட்டினால் பணம் நேராக பேங்குக்குப் போய்விடும், வந்த தொகையை டப்பா சத்தமாகச் சொல்லும் என்றார். இத்தனை நல்லதையும் எனக்கு எதற்குச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். டப்பாவுக்கு வாடகை உண்டா என்று கேட்டேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. உண்டு, மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள் என்றார். பேசுவதற்குக் கூலி வாங்குகிற சாமானை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் முடியவில்லை. பக்கத்துத் தெருக் கடையில் அந்த அட்டை வந்ததிலிருந்து சம்பளத்துக்குப் போகிற பிள்ளைகளெல்லாம் என் கடையைத் தாண்டி அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதலில் கொஞ்ச நாள், டப்பா பேசினாலும் நம்பாமல் பணம் போட்டவர் போனை வாங்கிப் பார்ப்பேன். அதையும் நம்பாமல் என் போனில் மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள், பால் வாங்க வந்தவர்கள் பேஜாராகிப் போவார்கள். டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல் சுத்தத் தமிழில் தொகையைச் சொல்லும்போதெல்லாம், இவள் யார், எங்கே உட்கார்ந்துகொண்டு என் கல்லாவை எட்டிப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றும். பிறகு பழகிவிட்டது. பழக்கம் வேறு, நம்பிக்கை வேறு.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. பட்டும் ஜரிகையும் ஆரணி முதலாளிகள் கொடுப்பார்கள். இவர்கள் நெய்துகொண்டு போய்க் கொடுத்தால் கூலி. அந்தக் கூலியும் இப்போது பேங்க் கணக்கில்தான் விழுகிறது. எல்லாருக்கும் கணக்கு இருக்கிறது என்று கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அவரவர் கையில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒருத்தியின் கணக்குக்கு வருகிற மெசேஜ் புருஷன் போனுக்குப் போகும். இன்னொருத்தியின் கணக்கில் குழுக் கடன் தவணை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். காசு விழுந்த உடனே விழுங்கிவிடும். அதனால் கூலி அல்லாமல் வெளியிலிருந்து யாராவது காசு அனுப்பவேண்டியிருந்தால், என் கடை அட்டைக்குப் போடச் சொல்லிவிட்டு, என்னிடம் வந்து கையில் வாங்கிக்கொள்வார்கள். நான் அதற்கு ஒத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லைதான். ஆனால் காசு வாங்கின கையோடு அரை கிலோ பருப்பும் ஒரு பாக்கெட் எண்ணெயும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். வியாபாரம்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. தெருக்காரர்கள் காசெல்லாம் என் கணக்கில் வந்து போவதைப் பார்த்து, நான் பெரிய கடைக்காரி என்று போனுக்குள் இருக்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உங்களுக்குக் கடன் தயாராக இருக்கிறது, ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும் என்று தினமும் மெசேஜ் வரும். கேட்காமல் கடன் கொடுக்க வருகிறவனை நான் கடை வாசலில் ஏற்றுகிறவள் இல்லை. ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

எதிர்வீட்டுக்காரிக்கு என்னைவிட வயது நன்றாகக் குறைவு. அவளும் புருஷனும் ஒரே தறியில் மாறி மாறி உட்காருவார்கள். அவளுடைய பேங்க் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்ததே அவளுக்கு வேலை கொடுக்கிற முதலாளி. பாஸ்புக்கும் அவர் கடையில்தான் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாராம். கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, வீட்டுக் கூரைக்கு என்று அவரிடம் வாங்கின அட்வான்ஸ் அப்படியே நிற்கிறது. அது தீராமல் வேறு முதலாளியிடம் தறியைக் கொண்டுபோக முடியாது. அதைத் தீர்க்கவேண்டும் என்று முதலாளியும் அவசரப்படுத்துவதில்லை. தீர்ந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

அவளுடைய பெண் பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் படிக்க வேலூரில் இடம் வாங்கியிருந்தாள். முதல் வருஷத்துப் பணத்துக்கு அவள் முதலாளியிடம் போய் நிற்கவில்லை. இந்த ஒரு காரியத்துக்காவது அவரிடம் கை நீட்டக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். அதற்கு ஒரு புடவை வைத்திருந்தாள்.

அந்தப் புடவை எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். முதலாளி பட்டை எடை போட்டுத்தான் கொடுப்பார். புடவை திரும்பி வரும்போதும் எடை போட்டுத்தான் வாங்குவார். நெய்யும்போது அறுந்து வீணாகிற நூலுக்கென்று எடையில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. கைப்பதம் தெரிந்த பெண்கள் அந்த அளவுக்கு வீணாக்க மாட்டார்கள். முழத்துக்கு முழம் ஒட்டி முடிந்து நெய்து, வீணாக வேண்டியதை மிச்சம் பிடிப்பார்கள். அது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு துணி மூட்டையில் சேரும். வருஷக்கணக்கில் சேர்ந்தால் ஒரு புடவைக்குக் குறுக்கே ஓட்டுகிற ஊடை நூல் ஆகும். நீளவாட்டில் கட்டுகிற பாவு நூலை மட்டும் கையிலிருந்து காசு போட்டு வாங்கி, முதலாளியின் ஒரு பாவு முடிந்து அடுத்தது வருவதற்குள், காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நெய்து எடுத்துவிடுவார்கள். தெருவில் எல்லாரும் செய்வதுதான். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீணாகும் நூலும் எங்களுடையதுதான் என்பார்கள் முதலாளிகள். வீணாகியிருந்தால் குப்பையில்தானே போயிருக்கும் என்பார்கள் இவர்கள். திருட்டா இல்லையா என்று என்னைக் கேட்டால், விரலால் பிடித்து மிச்சம் பண்ணினவளுக்குத்தான் அது சொந்தம் என்பேன். முதலாளி முதுகுக்குப் பின்னால்தான் சொல்வேன்.

மிச்சப் பட்டில் நெய்த புடவையைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு புடவையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்த நூல் என்பதால் ஒரே நிறமாக இருக்காது. எதிர்வீட்டுக்காரி அதையும் அழகாக்கியிருந்தாள். அரக்கில் ஆரம்பித்து, வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்து, மாம்பழ மஞ்சளில் கொஞ்ச தூரம் போய், மயில் கழுத்து நிறத்தில் முந்தானையை முடித்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பிரித்துக் காட்டினாள். ஊர்க் குற்றமெல்லாம் கண்டுபிடிக்கிற எனக்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அதை வாங்கினவர்களைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். திருமலைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தண்ணீர் பாட்டில் வாங்க என் கடை முன்னால் காரை நிறுத்தினார்கள். கடையில் வேண்டாம், நெய்கிறவர்களிடமே ஒரு புடவை வாங்கவேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. நான் முதலில் கார் நம்பரைப் பார்த்தேன். அப்புறம் அந்த ஆளுடைய செருப்பைப் பார்த்தேன். செருப்பு விலை உயர்ந்ததாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேலூரில் பணம் கட்டவேண்டிய பெண் என் கண் முன்னால் நின்றாள். அழைத்துப் போனேன்.

புடவையைப் பார்த்ததும் அந்த அம்மா விலையே பேசவில்லை. பேரம் பேசாமல் வாங்குகிறவர்களிடமும் எனக்குச் சந்தேகம் உண்டு. புடவையைத் தோளில் போட்டு எதிர்வீட்டுக்காரியோடு நின்று போட்டோ எடுக்கப் பார்த்தாள். நான் குறுக்கே நின்று தடுத்துவிட்டேன். பணம் கையில் இல்லை, போனில்தான் அனுப்புவோம் என்றார்கள். எதிர்வீட்டுக்காரி தன் கணக்குக்கு வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். முதலாளி கையில் பாஸ்புக் இருக்கும்போது அதில் எப்படி வாங்குவாள்? என் கடைக்குக் கூட்டிவந்து அட்டைக்கே அனுப்பச் சொன்னோம். அந்த அம்மா போனில் என்னவோ டைப் அடித்து அனுப்பினாள். டப்பா பேசியது. என் போனிலும் மெசேஜ் வந்தது. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகும் நான் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். பணம் இருந்தது.

எதிர்வீட்டுக்காரி அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் வைத்தால் கைமாத்து கேட்டு ஆள் வரும், காலேஜில் கட்டுகிற நாள் வரைக்கும் என் கணக்கிலேயே கிடக்கட்டும் என்றாள். தெருவில் என்னைப் பெரிதாக நம்பினவர்கள் யாரும் கிடையாது. அவள் நம்பினாள். அதில் எனக்குக் கர்வம்கூட வந்தது.

பணம் கட்டவேண்டிய வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் ஆரணி மண்டிக்காரருக்குப் பணம் அனுப்பப் போனால் போகவில்லை. டவர் இல்லை போல என்று வாசலுக்கு வந்து அழுத்தினேன். அங்கேயும் போகவில்லை. யாரோ என் கணக்கைத் துடைத்துவிட்டார்கள் என்று பஸ் பிடித்து பேங்குக்குப் போனேன். பணம் துடைக்கப்படவில்லை. அங்கேயேதான் இருந்தது. ஆனால் எடுக்க முடியாது என்றார்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அதிகாரி சின்ன வயசுப் பெண். பொறுமையாகத்தான் சொன்னாள். வடக்கே எங்கேயோ ஒரு ஊரில் யாரையோ போனில் மிரட்டிப் பணத்தைப் பறித்திருக்கிறார்கள். அந்தப் பணம் கைமாறிக் கைமாறி வந்து, அதில் ஒரு துண்டு என் கணக்கில் விழுந்திருக்கிறது. அந்த ஊர் போலீஸ் சொன்னதால் கணக்கையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புடவை வாங்கினவர்களே திருடர்களா, இல்லை அவர்களுக்கும் என்னைப்போல யாராவது அனுப்பினார்களா என்று எனக்கு இன்றைக்குவரை தெரியாது. அந்தச் செருப்பை நினைத்தால் திருடர்கள் என்றுதான் தோன்றும். அந்த அம்மா புடவையைத் தடவிப் பார்த்ததை நினைத்தால் அப்படித் தோன்றாது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று தெரியும். அதற்கு முன்னால் அது யார் வயிற்றில் அடித்து வந்தது என்று எந்த நோட்டும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. போனில் வருகிற பணம் பிறந்த இடத்தையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு வருகிறது என்பதை அன்றைக்கு பேங்க் நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

என்ன சாமான் விற்றதற்கு இந்தத் தொகை வந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை.

"அரிசி."

என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஆரணியில் பெரிய தொகைக்கு ஒன்று புடவை, இல்லாவிட்டால் அரிசி. புடவை என்று சொன்னால் யாருடைய புடவை என்று அடுத்த கேள்வி வரும். அந்த பேங்கில் மேனேஜர் ரூமில் காபி குடிக்கிறவர்களில் எதிர்வீட்டுக்காரியின் முதலாளியும் ஒருவர். அதனால் அரிசி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். அனுப்பினவர்கள் எழுதிய குறிப்பு என்று ஒரு வரி அதில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அவளே படித்துச் சொன்னாள். சில்க் சாரி, லவ்லி, தேங்க்ஸ் என்று போட்டிருக்கிறதாம்.

அந்தம்மா தப்பாகப் போட்டிருப்பார்கள் என்றேன். அரிசி வாங்கிவிட்டா புடவை என்று எழுதுவார்கள் என்று கேட்டாள். அதோடு அவள் முகம் மாறிவிட்டது. அதுவரைக்கும் ஏமாந்த கடைக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தவள், அதற்கப்புறம் என்னை நான் மற்றவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். விற்ற சாமானுக்கு பில் வேண்டும், இல்லாவிட்டால் நெய்து விற்றவர் நான்தான் விற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், அதை அந்த ஊர் போலீசுக்கு அனுப்பி அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் கணக்கு திறக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

ஊர் திரும்பி எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. எழுதிக் கொடுத்தால் தறி போய்விடும் என்று மட்டும் சொன்னாள். என் ஒருத்தி தறி மட்டும் இல்லை, மிச்சம் பிடிக்கிற விஷயம் காகிதத்தில் ஏறிவிட்டால் தெருவே மாட்டிக்கொள்ளும் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அவளை மாட்டிவிட்டு நான் தப்பிக்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. ஆனால் தறியைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்ட ஒரு கேள்வி மட்டும் என்னைக் குத்தியது. பணம் நிஜமாகவே பேங்கில்தான் இருக்கிறதா என்று கேட்டாள்.

அதே கேள்வியைத் தெருவும் கேட்க ஆரம்பித்தது. என் கணக்கில் சின்னச் சின்னத் தொகை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். சாமான் வாங்க வந்த மாதிரி நின்றுகொண்டு, உள்ளே நான் புதிதாக வாங்கியிருந்த கிரைண்டரை எட்டிப் பார்த்தார்கள். அது தவணையில் வாங்கியது என்று நானாகவே சொன்னேன். சொன்னதும் சந்தேகம் கூடியது. டப்பா பேசும் சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டதே, அப்போது காசு வந்ததுதானே என்றாள் ஒருத்தி. இத்தனை வருஷம் ஊரையெல்லாம் முறைத்துப் பார்த்தவளுக்கு அந்தப் பார்வை திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. டப்பாவின் வயரைப் பிடுங்கி உப்பு மூட்டைக்குப் பின்னால் போட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. பணம் வந்த மெசேஜில் இருந்த கார்க்காரர்கள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. மில்லில் சொல்லி ஒரு அரிசி பில் வாங்கிவரச் சொல்லி வீட்டுக்காரரை நச்சரித்தேன். அந்தக் குறிப்பில் புடவை என்று இருக்கும்போது அரிசி பில்லை வைத்து என்ன செய்வாய், என் வேலைக்கும் சேர்த்து உலை வைக்கப் போகிறாயா என்று கேட்டார். நியாயம்தான். வேறு யாரிடமாவது புரட்டிக் கொடுக்கலாம் என்றால், சந்தேகப்படுகிறவளுக்கு யார் கொடுப்பார்கள்? போனில் தினமும் வந்துகொண்டிருந்த கடன்காரர்கள்கூட கணக்கு நின்றதும் சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூடலாம் என்று எழுந்தபோது முதலாளி வந்தார். ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டுக்கு அவர் தானாக வருகிறவர் இல்லை. கணக்குப்பிள்ளைதான் வருவார். நல்ல வேட்டி, நெற்றியில் விபூதி, குரலை உயர்த்தாத மனுஷன். ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். என் கணக்கு நின்றுபோனதைக் கேள்விப்பட்டதாகவும் மனசுக்குக் கஷ்டமாக இருந்ததாகவும் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்.

பேங்க்காரப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கிரைண்டரைப் பார்த்தவளாக இருக்கும். என் வீட்டுக்காரர் மில்லில் உளறியிருப்பாரோ என்றுகூடத் தோன்றியது. முதலாளி பேசிக்கொண்டே போனார். அந்தப் புடவைக்கு அவர் கடை பேரில் பில் தருவார். அவர் கடைச் சரக்கு, என் கடை மூலமாக விற்பனையானது என்று இருக்கும். ஆடிட்டர் முத்திரையோடு போனால் எந்த ஊர் போலீசும் மறுபேச்சு பேசாது. கணக்கு திறந்துவிடும்.

"பில்லு உங்க பேர்ல. அப்ப பணம் யாருக்குங்க?"

"பில்லு யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தான்மா. அதான முறை. அந்தப் பொண்ணு படிப்ப நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க."

அந்தப் பில்லையும் எழுதி எடுத்துக்கொண்டே வந்திருந்தார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்கு ஓடினேன். அவளை எச்சரிக்கவேண்டும், யார் காட்டிக் கொடுத்தது என்று இரண்டு பேருமாகக் கண்டுபிடிக்கவேண்டும் என்று ஓடினேன்.

அவள் தறியில் உட்கார்ந்திருந்தாள். காலால் மிதிப்பதை நிறுத்தவில்லை. உன் முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது, என் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். தெரியும் என்றாள்.

"நான்தான்கா சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. புதன்கிழமையே அவர் கடைக்குப் போய்விட்டாளாம். மிச்சப் பட்டு, புடவை, கார்க்காரர்கள், என் கணக்கு என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாளாம். அவர் கோபப்படவில்லையாம். காலேஜ் பணத்தை அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிட்டாராம், அட்வான்ஸோடு சேர்த்து எழுதிக்கொண்டு. காலையில் பெண்ணும் புருஷனும் வேலூரில் கட்டிவிட்டு வந்து இப்போதுதான் சாப்பிட்டுப் படுத்தார்களாம். இனிமேல் அறுந்த நூலையும் எடை போட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று மட்டும் கேட்டாராம். தெருவுக்குமா என்று கேட்டேன். இல்லை, எனக்கு மட்டும்தான், மற்றவர்கள் யாரும் செய்வதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தேன் என்றாள்.

"உன் காசையே உனக்குக் கடனா குடுத்திருக்கான்டி அந்த ஆளு."

"தெரியும்கா."

"தெரிஞ்சுகினேவா போன?"

அப்போதுதான் தறியை நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவரு எவ்ளோ ஏமாத்துவாருன்னு எனக்குத் தெரியும்கா. கல்யாணம் ஆகி வந்ததுலருந்து பாத்துகினு இருக்கேன். அதுக்கு மேல ஏமாத்த மாட்டாரு. உன் போன்ல இருக்கறவன் எவ்ளோ எடுப்பான், எப்ப குடுப்பான்னு உனக்கே தெரில. பொண்ண வெச்சிகினு நான் யாருகிட்டக்கா போறது?"

அவள் மறுபடி தறி பக்கம் திரும்பிக்கொண்டாள். போய் அந்தப் பில்லை வாங்கிக்கொள், தெருக்காரர்கள் காசாவது வெளியே வரட்டும், உன்னைத் திருடி என்று சொல்கிறார்கள், எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை என்றாள். சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.

கடைக்குத் திரும்பினேன். முதலாளி மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தார். பல வண்ணப் பட்டுப் புடவை ஒன்று, தன் சொந்தச் சரக்கு, தன் ஆட்களைக் கொண்டு தன் பட்டில் நெய்யப்பட்டது என்று இருந்தது. விற்றுக் கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும் என்று பேனாவையும் நீட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. எதிர்வீட்டில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அதிலும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.